ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம்

என் பெரியப்பா கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "பசிக்கல, நீங்க போய் உக்காருங்க" என்பார். மொய் எழுதிவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார். சின்ன வயதில் அதை அவருடைய சுபாவம் என்றே நினைத்திருந்தோம். வீட்டில் அவர் சாப்பிடும் நேரத்தில் பெரியம்மா எங்களைக் கூடத்துப் பக்கம் விடமாட்டார். அதைக் கவனித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பெரியப்பாவுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. சாதத்தைப் பிசைந்து அள்ளினால் பாதி அந்த இடைவெளி வழியாகத் தட்டிலேயே விழும். கட்டைவிரலோடு மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்துப் பிடித்து ஒரு கவளத்தை வாய்க்குக் கொண்டுபோவதே அவருக்குத் தனி வேலை. நான்கு பேர் பார்க்க அந்த வேலையைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. கடைசி வரை வரவில்லை.

விரல்கள் போனது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்குச் சின்னச் சின்ன உதிரிபாகம் அடித்துக் கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில். தகட்டை டையில் வைக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும், மேலிருந்து ராம் இறங்கி அடிக்கும், அடித்ததை எடுத்துப் போட வேண்டும். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை இதே வேலை. பழைய வகை மெக்கானிக்கல் பிரஸ் ஒருமுறை இறங்க ஆரம்பித்தால் பாதியில் நிற்காது. கிளட்ச் தேய்ந்திருந்தால் பெடலை மிதிக்காமலே இன்னொரு அடி இறங்கும். கை உள்ளே போகாதபடி தடுக்கும் கார்டு அந்த மெஷினில் இருந்ததாம். அது இருந்தால் உற்பத்தி குறைகிறது என்று கழற்றி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை, ஓவர்டைம், இரவு ஒன்பது மணி.

காயம் ஆறியது. தையல் பிரித்தார்கள். 20 சதவீத ஊனம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். சட்டை பட்டனை எப்படிப் போடுவது, பேனாவை எப்படிப் பிடிப்பது, பந்தியில் எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிக் கொடுக்க ஒரு படிப்பு இருக்கிறது, அதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்தப் படிப்பின் பெயர் ஆக்குபேஷனல் தெரபி. நானே அதைக் கேள்விப்பட்டது அவர் இறந்த பிறகுதான்.

பட்டியலில் உள்ள கை

20 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போனதாகக் கணக்கு என்று அந்த அட்டவணை வரிசையாகச் சொல்கிறது. கட்டைவிரல் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் 20, மூன்று போனால் 30, நான்கும் போனால் 50. தொழிலாளர் காப்பீட்டுக்கான ஈ.எஸ்.ஐ. சட்டமும் இதே அட்டவணையைத்தான் வைத்துக்கொண்டது. பழைய சட்டங்களை ஒன்றாக்கி 2020-ல் வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தச் சதவீத முறை தொடர்கிறது.

இதைப் பணமாக்கிப் பார்ப்போம். ஒரு தொழிலாளியின் சராசரி தினக்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ. கணக்கில் முழு ஊனத்துக்கான உதவித்தொகை கூலியில் 90 சதவீதம், அதாவது 450 ரூபாய். ஆள்காட்டி விரல் போனவருக்கு அதில் 14 சதவீதம் கிடைக்கும். நாளொன்றுக்கு 63 ரூபாய். பெரியப்பா மாதிரி இரண்டு விரல்கள் போனவருக்கு 90 ரூபாய்.

ஆயுள் முழுக்க வரும் அந்தத் தொகையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பாதுகாப்புக்காகத் தொழிற்சங்கங்கள் எத்தனை காலம் போராடின என்பது தெரியும். என் கேள்வி அட்டவணை எதைப் பார்க்கிறது என்பது பற்றியது. வலது கையா இடது கையா என்று அது கேட்பதில்லை, இரண்டுக்கும் ஒரே எண். தையல் மெஷினில் உட்காரும் பெண்ணின் ஆள்காட்டி விரலுக்கும், கேட்டில் நிற்கும் காவலாளியின் ஆள்காட்டி விரலுக்கும் அதே 14. வாசலில் கோலப்பொடி விடுவது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து. பூ கட்டுவதும், குழந்தைக்குச் சாதம் ஊட்டுவதும், சில்லறை எண்ணுவதும் அப்படித்தான். இவை எதுவும் சம்பாத்தியத்தில் வராததால் அட்டவணையிலும் வராது. ஒரு மனிதர் இருபத்தைந்து வருடம் பந்தியில் உட்காராமல் இருந்ததற்கு அதில் எண் கிடையாது.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முதலில் கேட்கும் கேள்வியே வேறு. "எந்த விரல் போச்சு?" என்பதோடு அவர் நிற்பதில்லை. "காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வீங்க, அதில் இப்போ எது முடியல?" என்று கேட்பார். இந்த இரண்டாவது கேள்வி மருத்துவமனை அறைக்குள் மட்டும் கேட்கப்படும்வரை அது சிகிச்சை. இழப்பீட்டைத் தீர்மானிக்கும் மேசையிலும், தொழிற்சாலை வாசலிலும், பேருந்து நிறுத்தத்திலும் கேட்கப்படும்போது அது சமூகநீதிக் கேள்வியாகிவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது இடத்தைப் பற்றியது.

பெயரே தடுக்கி விடுகிறது

ஆக்குபேஷனல் தெரபிக்கு இன்னும் நிலைத்த ஒரு தமிழ்ப் பெயர் இல்லை. பிசியோதெரபிக்கு இயன்முறை மருத்துவம் என்ற சொல் ஊன்றிவிட்டது. இதற்கோ தொழில்சார் சிகிச்சை, செயல்முறை சிகிச்சை, செயல்திறன் பயிற்சி என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் எந்த அவஸ்தையும் இல்லாமல் 'ஓ.டி.' என்று சொல்லிவிடுகிறார்கள். "திங்கள், வியாழன் ஓ.டி. இருக்கு" என்றால் அவர்களுக்குள் விளங்கும். தொழிற்பேட்டையில் ஓ.டி. என்றால் ஓவர்டைம்.

இங்கே 'ஆக்குபேஷன்' என்பது உத்தியோகத்தை மட்டும் குறிப்பதில்லை. பல் தேய்ப்பது, சமைப்பது, கோயிலுக்குப் போவது, பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புவது, சும்மா திண்ணையில் உட்கார்ந்து பேசுவது என்று ஒரு மனிதரின் பொழுதை நிறைக்கும் எல்லாம் அதில் அடக்கம்.

கையில் அடிபட்டவருக்கு இந்தச் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அதன் அருமை தெரியும். தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் உள்ளவர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனையின் கை சிகிச்சைப் பிரிவு தெரிந்திருக்கும். பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1970-களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த பிரிவு அது. கை அறுவை சிகிச்சையில் நாட்டுக்கே வழிகாட்டிய இடம். கத்தியோடு வேலை முடிந்துவிடாது என்பதால்தான் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே கை மறுவாழ்வு என்பதும் இருக்கிறது. அறுவை முடிந்த கை வீங்கி, விறைத்து, தொட்டாலே சுரீர் என்றிருக்கும். பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, அது சூடாக இருக்கும்போதே கையின் மேல் வைத்து அச்சுப்போல வளைத்து, அந்தக் கைக்கு மட்டுமே பொருந்தும் ஸ்ப்லிண்ட் செய்வார்கள். துண்டான விரல் நுனிக்குத் தொடு உணர்வு பழகுவதற்காக முதலில் பஞ்சு, பிறகு துணி, பிறகு ராகி, அரிசி என்று ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டு அளையச் சொல்வார்கள். துணி காயப்போடும் கிளிப்பைத் திறந்து திறந்து மூடச் சொல்வார்கள். சாவியைப் பிடிப்பது ஒரு பிடி, ஊசியைப் பிடிப்பது ஒரு பிடி, சுத்தியலைப் பிடிப்பது வேறொரு பிடி. எந்தப் பிடி மிச்சம் இருக்கிறது, எதைப் புதிதாக உண்டாக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். ஆள்காட்டி விரல் மட்டும் போனால் நடுவிரல் சீக்கிரமே அந்த வேலையைக் கற்றுக்கொண்டுவிடும். இரண்டும் போனால் மோதிர விரலுக்கும் கட்டைவிரலுக்கும் புது உறவு ஏற்படுத்த வேண்டும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும் காரியம் இது.

இத்தனையும் நடந்து அந்தத் தொழிலாளி சுத்தியலைப் பிடிக்கவும் கற்றுக்கொண்டு அம்பத்தூருக்குத் திரும்புகிறார். கேட்டில், "உன் இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு" என்கிறார்கள்.

ஆவடிக்கு ஒரு சட்டம், அம்பத்தூருக்கு ஒன்று

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 20-ஆம் பிரிவில் ஒரு நல்ல வரி இருக்கிறது. பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. அந்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் உபரிப் பணியிடம் உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த வரி 'அரசு நிறுவனங்கள்' என்ற சொல்லோடு தொடங்குகிறது.

மேற்குச் சென்னையில் வசிப்பவருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆவடியில் 1961 முதல் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது, டாங்கி செய்கிறார்கள். பக்கத்திலேயே ராணுவ உடைத் தொழிற்சாலை. அரசுக்குச் சொந்தமான அந்த வளாகங்களுக்குள் கை அடிபட்டால் சட்டம் வேலையைக் காப்பாற்றும். அங்கிருந்து மின்சார ரயிலில் அண்ணனூர், திருமுல்லைவாயல் தாண்டி அம்பத்தூரில் இறங்குங்கள். 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டை, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு, நடுத்தரப் பட்டறைகள். அங்கே அதே மாதிரி மெஷினில் அதே விரல் போனால் அந்த 20-ஆம் பிரிவு வாசல்வரை கூட வராது. சிகிச்சைக் காலத்தில் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று பழைய ஈ.எஸ்.ஐ. சட்டம் தந்த பாதுகாப்பும் காயம் ஆறும்வரைக்கும்தான் இருந்தது. பூந்தமல்லிக்கு அப்பால் திருமழிசைத் தொழிற்பேட்டையிலும் இதே கதைதான். கான்ட்ராக்ட் தொழிலாளி என்றால் யாருடைய ஆள் என்பதே வழக்காகிவிடும்.

நான் ஹரியானாவைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். அங்கே வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் கை நசுங்கியவர்களோடு 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு வேலை செய்கிறது. 2019 முதல் 'க்ரஷ்டு' என்ற தலைப்பில் ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்கிறார்கள். நசுங்கும் கைகளில் சராசரியாக இரண்டு விரல்கள் போகின்றன, காரணங்களில் முதலிடத்தில் இருப்பது பவர் பிரஸ், பலருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையே விபத்துக்குப் பிறகுதான் கைக்கு வருகிறது என்று அந்த அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வாகன நிறுவனங்களின் பெயரைச் சொல்லி, உங்கள் வண்டிக்கு உதிரிபாகம் செய்பவனின் விரலுக்கு நீங்களும் பொறுப்பு என்று கேட்கிறார்கள். நாட்டின் வாகனத் தலைநகரங்களில் ஒன்று என்று நாம் பெருமைப்படும் சென்னைக்கும் வருடா வருடம் அப்படி ஒரு அறிக்கை வேண்டும். அதை எழுத யாருக்கு அதிகத் தகுதி இருக்கிறது? தினமும் அந்தக் கைகளைத் தொட்டுப் பார்ப்பவர்களுக்குத்தானே?

வேலூரில் தெரிந்த உண்மை

இப்படி ஒரு மருத்துவத் துறையை நியாயம் கேட்கச் சொல்வது புதிய ஆசை ஒன்றும் இல்லை. அதன் பிறப்பே அப்படித்தான். அமெரிக்காவில் இந்தத் துறையைத் தொடங்கியவர்களில் ஒருவரான எலினார் கிளார்க் ஸ்லேகிள் பாடம் கற்றது சிகாகோவின் ஹல் ஹவுஸில். பிழைக்க வந்த குடியேறிகளின் சேரி நடுவே ஜேன் ஆடம்ஸ் நடத்திய சமூக இல்லம் அது. இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்த கமலா நிம்ப்கர் அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். நடுவயதில் திரும்பிப் போய் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்து, 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பள்ளி தொடங்கினார். 1952-ல் உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு உருவானபோது நிறுவன நாடுகள் பத்தில் இந்தியாவும் ஒன்று.

ஆனால் நமக்குப் பக்கத்தில் நடந்தது வேலூரில். சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். உலகமே வியந்த வேலை. கை நிமிர்ந்தவர்களோ கொஞ்ச நாளில் திரும்பி வந்து குறைபட்டார்கள். மடங்கிய கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் நிமிர்ந்த கைக்குப் போடவில்லை. தொழுநோய்த் தழும்பைப் பார்த்து வேலையும் எவரும் தரவில்லை. கை சரியானதால் இருந்த பிழைப்பும் போயிற்று. பிராண்ட் அதோடு விடவில்லை. 1951-ல் நவஜீவ நிலையம் என்று குடிசைகள் போட்டு, தச்சு வேலை, பொம்மை செய்வது என்று கற்றுக்கொடுத்தார்கள். உணர்ச்சியற்ற கையில் புண் வராமல் எந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று பார்த்துப் பார்த்து அமைத்தார்கள். அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, அந்தத் துறையை இங்கே நிறுவினார்.

நிமிர்த்திய கைக்கு வேலை இல்லையென்றால் சிகிச்சை முடியவில்லை என்று எழுபது வருடங்களுக்கு முன்பே நம் மண்ணில் கண்டுகொண்டாயிற்று. ஆஸ்திரேலியாவின் ஆன் வில்காக்கும் கனடாவின் எலிசபெத் டவுன்செண்டும் 1990-களின் இறுதியிலிருந்து இதற்கு 'ஆக்குபேஷனல் ஜஸ்டிஸ்' என்று பெயர் கொடுத்தார்கள். ஒருவரைத் தனக்கு அர்த்தமுள்ள காரியங்களைச் செய்யவிடாமல் சமூகம் தடுப்பதே அநீதி என்றார்கள். 2006-ல் உலகக் கூட்டமைப்பு அந்தக் காரியங்களைச் செய்வதை மனித உரிமை என்று அறிவித்தது. கல்லூரிப் பாடத்தில் இது இருக்கிறது. மாணவர்கள் படிக்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள்.

முகப்பேரிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை

பாடத்தை வாழ்ந்து காட்டிய இடம் அம்பத்தூருக்குப் பக்கத்திலேயே முகப்பேரில் இருக்கிறது. 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்காகத் தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பின் 'அடைக்கலம்' அங்கேதான் உள்ளது. அதற்கும் முன்பே, 1984-ல், டாக்டர் சாரதா மேனன் அண்ணா நகர்ப் பக்கம் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பைத் தொடங்கியிருந்தார். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து, மருந்தோடு வேலைப் பயிற்சியும் வேண்டும் என்று வாதாடியவர் அவர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்த பிறகுதான் நாடு விழித்தது. இவர்கள் அதற்கு முன்பிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

2015-ல் பேனியன் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை நான் இந்தக் கட்டுரையின் நடுவில் வைக்கிறேன். வருடக்கணக்கில் காப்பகத்தில் இருந்தவர்கள், போக வீடில்லாதவர்கள். நான்கைந்து பேராக, ஊருக்குள் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோகிறார்கள். உதவிக்கு ஓர் ஆள் கூட இருப்பார். காப்பகத்தில் டீ வரும் நேரம் இன்னொருவர் முடிவு. இங்கே அவர் அடுப்பைப் பற்றவைத்தால் டீ. சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்பது அவர் முடிவு. பால்காரரோடு கணக்கு, பக்கத்து வீட்டோடு தண்ணீர்ச் சண்டை, மார்கழியில் வாசல் கோலம். சாவி அவர் கையில். மனநல மருத்துவத்தின் பெரிய வார்த்தைகளை எல்லாம் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், ஒரு சாவிக்கொத்தை ஒருவரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் இதில் நடக்கும் சிகிச்சை. அந்தத் தெருவில் வீடு கொடுக்க ஓர் உரிமையாளரைச் சம்மதிக்கவைக்க வேண்டும், அக்கம்பக்கம் பழக வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தையும் சிகிச்சையில் சேர்த்திதான்.

பேனியனைத் தொடங்கிய இருவரில் ஒருவரான வைஷ்ணவி ஜெயக்குமார்தான் பிறகு சென்னை மாநகரப் பேருந்துகளுக்காக உயர் நீதிமன்றப் படியேறினார். வாங்கப்போகும் பேருந்துகளின் தரை உயரம் என்ன, சக்கர நாற்காலியில் வருபவர் எப்படி ஏறுவார் என்ற கேள்விதான் வழக்கு. சாலை சரியில்லை, மழைநீர் தேங்கும், செலவு கூடும் என்று அரசுத் தரப்பு சொல்லிக்கொண்டே வந்தது. மாற்றுத்திறனாளிகள் விடாமல் நின்றார்கள். 2024 ஆகஸ்டில் முதல் தவணையாக 58 தாழ்தளப் பேருந்துகள் சாலைக்கு வந்தன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் பக்கவாட்டில் தாழ்ந்து, சாய்தளம் விரித்து நிற்கும் அந்த வண்டியில் இன்று கைத்தடியோடு வரும் பாட்டியும், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாயும் சிரமமில்லாமல் ஏறுகிறார்கள். அணுகல் வசதிக்கான விதிகள் 'முடிந்தால் செய்' என்ற ரகமாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பூந்தமல்லிக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கே டிரங்க் ரோட்டுப் பக்கம் இருக்கின்றன. வெள்ளைக் கோலோடு நடைபாதையில் வருபவர்களை அந்த ஊர் தினம் பார்க்கிறது. நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும் பைக்குகளையும் தினம் பார்க்கிறது. பிரெயில் கற்றுக்கொடுத்து, தனியாக நடக்கப் பயிற்சி கொடுத்து அனுப்பும் மாணவரை, மூடியில்லாத ஒரு வடிகால் ஒரே நாளில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

கட்டணம் கட்டும் குழந்தைகள், கட்ட முடியாத குழந்தைகள்

கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் அம்பத்தூரிலும் ஆவடியிலும் தெருவுக்குத் தெரு 'சைல்ட் தெரபி சென்டர்' போர்டுகள் முளைத்திருக்கின்றன. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு ஓ.டி. தேவை என்று பெற்றோருக்குத் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் ஒரு செஷனுக்குச் சில நூறு ரூபாய். வாரத்துக்கு மூன்று செஷன் என்றால் பட்டறைச் சம்பளத்தில் ஒரு பெரிய பங்கு போய்விடும். இரண்டு மாதம் வந்துவிட்டு நின்றுபோகும் குழந்தைகளை அந்த மையங்களுக்கே தெரியும். நின்றுபோன குழந்தையின் வீட்டுக்குப் போன் போட்டு, வீட்டிலேயே செய்யக்கூடியதைச் சொல்லிக்கொடுக்கும் தெரபிஸ்டுகளும் உண்டு. அவர்களுக்கு என் வணக்கம்.

உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டம் இங்கேதான் முக்கியமாகிறது. அதன் கீழ் திறக்கப்படும் 'விழுதுகள்' ஒருங்கிணைந்த சேவை மையங்களில் இயன்முறை, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வியோடு ஆக்குபேஷனல் தெரபியும் உண்டு. கட்டணம் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டியது. பக்கவாதம் வந்து படுத்தவரின் காலை அசைக்க ஒருவர் வருவது பெரிய காரியம். அதே வீட்டுக் கழிப்பறையில் கைப்பிடி எங்கே அடிப்பது, ஒரு கையால் எப்படி வேட்டி கட்டுவது என்று சொல்லவும் ஒருவர் வர வேண்டும். அந்த ஆள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய இணை சுகாதாரத் தொழில்முறை ஆணையச் சட்டம் இந்தத் துறையைத் தனித் தொழிலாக அங்கீகரித்துவிட்டது. ஆகவே 'அப்படி ஒரு பதவியே இல்லை' என்று இனி எந்த அலுவலகமும் சொல்ல முடியாது. பதவிகளை உருவாக்குவதுதான் பாக்கி.

தெரபிஸ்டுகளிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. பூந்தமல்லியைத் தாண்டித் தண்டலத்தில் சவீதா கல்லூரி இந்தப் படிப்பை நடத்துகிறது. அங்கே படித்து வெளிவருபவர்களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையைப் பேருந்தில் கடந்து போகிறவர்களும் இருப்பார்கள். அந்தப் பட்டறைகளுக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பெடல் எந்த உயரத்தில் இருக்கிறது, இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இயங்கும் பொத்தான் பொருத்தியிருக்கிறார்களா, கார்டு மெஷினில் இருக்கிறதா மூலையில் கிடக்கிறதா என்று பாருங்கள். மூன்று விரல் உள்ளவர் எந்த மெஷினில் பாதுகாப்பாக வேலை செய்யலாம் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுங்கள். அதைச் சொல்லும் தகுதி டாக்டரைவிட உங்களுக்கு அதிகம். நியாயம் பேசினால் தொழில் கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள். பேசாததால் கெட்டுப்போன கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தங்களால் தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக உட்கார வழி பிறந்திருக்கிறது. நகர்ப்புறத்தில் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர் என்பது அரசு சொன்ன கணக்கு. ஆவடி மாநகராட்சியிலும் பூந்தமல்லி நகராட்சியிலும் அந்த நாற்காலியில் உட்காருபவருக்குப் பக்கத்தில், எந்தச் சாய்தளத்துக்கு என்ன சரிவு வேண்டும் என்று அளவு சொல்ல ஒரு தெரபிஸ்ட் இருந்தால் அந்தக் குரல் இன்னும் வலுவாகும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கை அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். தையல் பிரிக்கும் முன்பே ஓ.டி.க்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவக் குழு தரும் சதவீதம் குறைவென்று தோன்றினால் மேல்முறையீடு செய்யும் உரிமை தொழிலாளிக்கு இருக்கிறது, அதைச் சொல்லிக்கொடுங்கள். அந்தக் குழுவில் இன்று டாக்டர்கள் மட்டுமே உட்காருகிறார்கள். கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டிக்கு 14, நடுவிரலுக்கு 12 என்று எழுதும் அந்த மேசையில், இந்தக் கையால் இனி என்னென்ன முடியாது என்று எழுத ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லி உங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.